கடன் அடைக்கும் வீட்டில் மனம் தளராமல் இருப்பது எப்படி?

கடனை அடைத்து முடிப்பது என்று ஒரு வீட்டில் முடிவெடுத்தால், முதல் மாதம் அவ்வளவு சிரமம் தெரியாது. கொப்பியும் பேனையும் எடுத்துக் கணக்குப் பார்ப்பார்கள். கடையில் சாப்பாடு எடுப்பது நிற்கும். வாங்க இருந்த புதுப் பொருள் தள்ளிப்போகும். சிரமம் நாலாம், ஐந்தாம் மாதத்தில்தான் தொடங்குகிறது. இவ்வளவு இறுக்கிப் பிடித்தும் மொத்தக் கடன் அசையவில்லையே என்ற எண்ணம் அப்போது வரும். அந்த நேரம் பார்த்து ஒரு சாமத்தியவீட்டு அழைப்போ ஆஸ்பத்திரிச் செலவோ வந்தால், "இனி என்ன செய்தும் பயனில்லை" என்று கொப்பியை மூடிவிடுவார்கள். அடுத்ததாக இன்னொரு கடன் எடுக்கப்படும்.

அந்த நாலாம், ஐந்தாம் மாதத்தை எப்படிக் கடப்பது என்பதே இக்கட்டுரையின் விடயம். சிக்கனமாக வாழச் சொல்லும் அறிவுரைக்கு எங்களிடம் குறைவில்லை. சிக்கனத்தை ஒரு வருடம், இரண்டு வருடம் என்று தொடர மனதுக்கு எது உதவுகிறது என்பது பற்றித்தான் குறைவாகப் பேசப்படுகிறது.

கடன் எப்படிச் சேர்ந்தது

இன்று இலங்கையில் ஒரு குடும்பம் கடனில் இருந்தால், அதற்கு ஊதாரித்தனம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. உணவுப் பொருட்களின் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. அதாவது ஒரு வருடத்துக்கு முன்னர் 1,000 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு ஏறத்தாழ 1,950 ரூபா தேவைப்பட்டது. அதன் பின்னர் பணவீக்கம் குறைந்தது உண்மை. ஆனால் பணவீக்கம் குறைவது என்றால் விலை ஏறும் வேகம் குறைவது. ஏறிய விலை பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது என்பது அதன் பொருளல்ல. சம்பளமும் கூலியும் அதே அளவுக்கு ஏறவில்லை.

அதே வருடம் ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் வாங்கியிருந்தவர்களின் தவணைகள் கூடின. பொருளாதார நெருக்கடியின் தாக்கம் பற்றித் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2023இல் நடத்திய ஆய்வில், 60.5 சதவீதமான குடும்பங்கள் தங்கள் வருமானம் குறைந்ததாகவும், 91 சதவீதமானவை செலவு கூடியதாகவும் தெரிவித்திருந்தன.

வடக்குக் கிழக்கில் இதற்கு முன்னரே வேறொரு கடன் கதை இருந்தது. போர் முடிந்தபின் வந்த நுண்கடன் நிறுவனங்கள், பெண்களைக் குழுக்களாக்கிக் கிழமைத் தவணையில் கடன் கொடுத்தன. ஒன்றை அடைக்க இன்னொன்று என்று ஒரே பெண்ணின் பெயரில் மூன்று நான்கு கடன்கள் சேர்ந்தன. 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் ஜுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் வட்டி ஆண்டுக்கு 220 சதவீதம் வரை போவதாகச் சுட்டிக்காட்டினார். 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் பெண்கள் தொடர் சத்தியாக்கிரகம் இருந்ததும் இந்தக் கடன்களை இரத்துச் செய்யக் கோரித்தான்.

இவற்றை நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. கடன் தன் கெட்டித்தனக் குறைவால் வந்தது என்று நம்புபவர் அதை மறைப்பார். மறைக்கப்படும் கடனுக்குத் திட்டம் போட முடியாது.

கடன் யோசிக்கும் திறனையும் பிடுங்குகிறது

தமிழ்நாட்டின் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, 2013இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியானது. கரும்பு விவசாயிக்கு வருடத்தின் பெரும் வருமானம் அறுவடையோடுதான் வரும். அறுவடைக்கு முன்னர் அவர்களில் 78 சதவீதமானோர் பொருள் அடைவு வைத்திருந்தனர். அறுவடைக்குப் பின்னர் அது 4 சதவீதமாகக் குறைந்தது. சிந்தனைத் திறனை அளக்கும் ஒரேவகைச் சோதனைகளை இரண்டு காலத்திலும் கொடுத்தபோது, அதே விவசாயிகள் அறுவடைக்குப் பின்னர் தெளிவாகச் செய்தார்கள். ஆட்கள் மாறவில்லை. கையில் காசு இருந்ததும் இல்லாததும்தான் வித்தியாசம்.

ஆகவே கடன் நெருக்கும் காலத்தில் ஞாபகமறதி, எரிச்சல், அவசர முடிவு ஆகியவை வருவது இயல்பு. இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. ஒவ்வொரு நாளும் மனஉறுதியைத் திரட்டிச் சிக்கனம் செய்யவேண்டிய திட்டம் நீடிக்காது. ஒருமுறை முடிவெடுத்தால் பின்னர் தானாக நடக்கும் ஏற்பாடுகளே நீடிக்கும். சம்பளம் அல்லது கூலி கைக்கு வந்த அன்றே தவணைக் காசை வேறாக்குவது அப்படியான ஏற்பாடு. மாத முடிவில் மிஞ்சுவதைக் கட்டலாம் என்று விட்டால், மிஞ்சவே மிஞ்சாது.

முதலில் ஒரே தாளில் எழுதுங்கள்

எத்தனை கடன் இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலானோர் வங்கிக் கடனையும் லீசிங்கையும் மட்டும் சொல்வார்கள். அடைவில் இருக்கும் நகை, கடைக் கொப்பியில் இருக்கும் பாக்கி, தவணைக்கு எடுத்த கைத்தொலைபேசி, மச்சானிடம் வாங்கிய கைமாற்று, முன்னதாகவே எடுத்துவிட்டு இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் சீட்டு எல்லாமே கடன்தான். ஒவ்வொன்றுக்கும் நேரே நான்கு விடயங்களை எழுத வேண்டும்: இன்றைய மீதி, மாதத் தவணை, வட்டி, கட்டாவிட்டால் என்ன நடக்கும்.

வங்கி, நிதி நிறுவனங்களில் உங்கள் பெயரில் உள்ள கடன்கள் பற்றிச் சந்தேகம் இருந்தால், கடன் தகவல் பணியகத்தில் உங்களுடைய அறிக்கையை நீங்களே பெறலாம். இது 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. 'கிரிப்' என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுவது இதுதான். யாருக்காவது பிணை நின்று மறந்துபோயிருந்தால் அதையும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வட்டியை எழுதும்போது ஒரு கவனம் தேவை. ஒரு இலட்சம் ரூபாவை 24 சதவீதத் தட்டை வட்டியில் 12 மாதத்துக்கு எடுத்தால், வட்டி 24,000 ரூபா. மாதத் தவணை 10,333 ரூபா. கேட்க 24 சதவீதம்தான். ஆனால் மாதாமாதம் முதலும் குறைந்துகொண்டு வருகிறது. வட்டி மட்டும் முழு ஒரு இலட்சத்துக்கும் கணக்கிடப்படுகிறது. குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 42 சதவீதம். அதேபோல "மாதம் ஐந்து வட்டி" என்பது ஆண்டுக்கு 60 சதவீதம். "பத்து வட்டி" என்பது 120 சதவீதம்.

எதை முதலில் அடைப்பது

கணக்கின்படி பார்த்தால் விடை இலேசானது. வட்டி கூடிய கடனை முதலில் அடைக்க வேண்டும். அப்போதுதான் மொத்தமாகக் கட்டும் காசு குறையும். ஆனால் மனம் கணக்கின்படி மட்டும் நடப்பதில்லை.

அமெரிக்காவில் கடன் தீர்ப்புத் திட்டமொன்றில் சேர்ந்தவர்களின் தரவுகளை டேவிட் கால், பிளேக்லி மக்ஷேன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டனர். கடனிலிருந்து முழுதாக வெளியேறுவோர் யார் என்பதைக் காட்டும் நல்ல அடையாளமாக, முழுதாக மூடப்பட்ட கடன் கணக்குகளின் பங்கு இருந்தது. மூடிய கணக்குகள் பெரியவையா சிறியவையா என்பது அவ்வளவு முக்கியமாக இருக்கவில்லை. 2019இல் சிங்கப்பூரிலிருந்து வெளியான ஓர் ஆய்வு, நீண்டகாலமாகக் கடனில் இருந்த 196 குறைந்த வருமானக்காரரைப் பார்த்தது. ஒரு தொண்டுத் திட்டம் அவர்களின் கடனில் 5,000 சிங்கப்பூர் டொலர் வரை அடைத்துக் கொடுத்திருந்தது. அதன்பின் அவர்களின் பதற்றம் குறைந்தது. முடிவெடுக்கும் திறன் கூடியது. அடைபட்ட தொகை ஒரேயளவாக இருந்தாலும், கூடுதலான கணக்குகள் மூடப்பட்டவர்களிடம் முன்னேற்றம் கூடுதலாகத் தெரிந்தது.

இதை எங்கள் ஊர்க் கணக்கில் பார்ப்போம். உதாரணத்துக்கு ஒரு குடும்பம். கடைக் கொப்பியில் 9,500 ரூபா. கைத்தொலைபேசித் தவணையில் மாதம் 3,000 வீதம் 18,000. உறவினரிடம் வாங்கிய கைமாற்று 25,000. நுண்கடன் மீதி 40,000. அடைவு நகை 150,000. மோட்டார் சைக்கிள் லீசிங் 210,000. ஆறு கடன்கள், மொத்தம் 452,500 ரூபா. வழமையான தவணைகளையும் நகை வட்டியையும் கட்டியபின், சிக்கனத்தால் மாதம் 6,000 ரூபா மிச்சம்பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த 6,000ஐ ஆறு கடனுக்கும் ஆயிரம் ஆயிரமாகப் பிரித்தால், அரைவருடம் போனபின்னும் கடைக் கொப்பியில்கூடப் பாக்கி இருக்கும். அதையே ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால், இரண்டாம் மாதம் கடைக் கொப்பி மூடப்படும். நாலாம் மாதம் கைத்தொலைபேசி முடியும். அந்த 3,000 ரூபாவும் சேர்ந்து இப்போது மாதம் 9,000 கிடைக்கும். ஆறாம் மாதம் கைமாற்றும் தீரும். தொகையில் பார்த்தால் அடைத்தது 52,500 ரூபா. தொடக்கத்தில் இருந்த கடனின் ஒன்பதில் ஒரு பங்கு அளவுதான். எண்ணிக்கையில் ஆறு கடன் மூன்றாகிவிட்டது. கடைக்கும் உறவினர் வீட்டுக்கும் தலைநிமிர்ந்து போகலாம். ஏழாம் மாதத்தைத் தொடங்கும் தெம்பு அதில்தான் வருகிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தாளில் மீற்றர் வட்டியோ பத்து வட்டியோ இருந்தால், சிறிது பெரிது பார்க்காமல் அதைத்தான் முதலில் அடைக்க வேண்டும். அந்த வேகத்தில் வளரும் வட்டியை எந்த மனத்தெம்பாலும் ஈடுசெய்ய முடியாது. வட்டிகளுக்கிடையில் பெரிய வித்தியாசம் இல்லாதபோதுதான் சிறிய கடனிலிருந்து தொடங்குவது பொருந்தும்.

சிக்கனம் எங்கே பிடிக்கும்

எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது நாள் முழுவதும் உறுத்தும். ஒன்றிரண்டு இடத்தில் தெளிவாகக் குறைப்பது பழகிவிடும்.

மின்கட்டணம் நல்ல உதாரணம். இலங்கையில் வீட்டு மின்பாவனை மாதம் 60 அலகைத் தாண்டினால், தாண்டிய அலகுகளுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் அலகிலிருந்தே வேறு கட்டண அட்டவணை பொருந்தும். ஆகவே 65 அலகு பாவிக்கும் வீடு 58க்கு இறங்கினால், குறைத்த ஏழு அலகின் பெறுமதியைவிடக் கூடுதலாக மிச்சம் வரும். கிழமைக்கு ஒருமுறை மீற்றரைப் பார்த்து எழுதுவதைப் பிள்ளைகளிடம் விட்டால், அது அவர்களுக்கும் ஒரு விளையாட்டு.

கடைக் கொப்பி இரண்டாவது இடம். கடனுக்கு வாங்கும்போது விலை கேட்பதில்லை, அளவும் பார்ப்பதில்லை. கொப்பிப் பாக்கியை அடைத்தபின் கிழமைச் சாமானைக் காசுக்கு வாங்கினால், செலவு தானாகக் குறையும். மூன்றாவது, கொண்டாட்டங்கள். சாமத்தியவீடு, பிறந்தநாள், கோயில் திருவிழா ஆகியவற்றுக்கு வருடத்தில் இவ்வளவுதான் என்று முன்கூட்டியே ஒரு தொகையை வைத்தால், ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாகச் சண்டைபிடிக்கத் தேவையில்லை. அன்பளிப்பு உறையில் குறைவாக வைத்துவிட்டு, முதல்நாளே போய்ச் சமையலுக்கு உதவுவது எங்கள் ஊர்களில் எப்போதும் மதிப்பாகப் பார்க்கப்படுவதுதான்.

குறைக்கக்கூடாத இடமும் உண்டு. பிள்ளைகளின் முட்டை, பருப்பு, பால், கர்ப்பிணியின் சாப்பாடு, வயதானவரின் பிரஷர் மருந்து. இவற்றில் மிச்சம்பிடிக்கும் காசு பின்னர் ஆஸ்பத்திரிச் செலவாகத் திரும்பிவரும்.

வீடு முழுவதும் தெரிந்திருக்க வேண்டும்

பல வீடுகளில் கடன் ஒருவரின் பெயரில் இருக்கும். அந்தச் சுமையும் அவரிடமே இருக்கும். நுண்கடன் பெரும்பாலும் மனைவியின் பெயரில். லீசிங் கணவனின் பெயரில். ஒருவருக்கு மற்றவரின் கடன் முழுதாகத் தெரியாது. இப்படியான வீட்டில் ஒருவர் இறுக்கிப் பிடிக்க, மற்றவர் செலவழிப்பார். அது சண்டையில் முடியும்.

மாதத்தில் ஒரு நாள், அரைமணித்தியாலம் போதும். "ஏன் செலவழித்தாய்?" என்ற கேள்வியோடு அந்தப் பேச்சைத் தொடங்கக்கூடாது. "இந்த மாதம் எது குறைந்தது?" என்று தொடங்கலாம். சுவர்க் கலண்டரில் ஒவ்வொரு கடனுக்கும் ஒரு கோடு கீறி, கட்டக் கட்ட நிறம் தீட்டும் வீடுகள் உண்டு. சின்ன விடயம்தான். ஆனால் கடன் குறைவது கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியவைத்தால்தான் மனம் நம்பும். வளர்ந்த பிள்ளைகளுக்குத் தொகை சொல்லாவிட்டாலும், வீடு ஒரு வேலையில் இறங்கியிருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். காரணம் தெரியாத "இல்லை" பிள்ளையின் மனதில் வேறுவிதமாக விழும்.

ஒரு கடன் மூடப்படும் நாளைச் சின்னதாகக் கொண்டாடுங்கள். வீட்டில் ஒரு கோழிக்கறி, பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம், கடற்கரைக்கு ஒரு பயணம். அதற்கான செலவையும் திட்டத்திலேயே எழுதிவைக்கலாம். சந்தோசத்துக்கு இடமே இல்லாத சிக்கனம் ஒரு நாள் உடையும். உடையும்போது பெரிய செலவாக உடையும்.

வழுக்கும் இடங்கள்

பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் எடுப்பது முதல் வழுக்கல். புதுக்கடனின் உண்மையான வட்டி குறைவாக இருந்து, பழைய கணக்கு அன்றே மூடப்பட்டால் மட்டும் அது பயன்தரும். வேறு எந்த நிலையிலும் அது கடனின் எண்ணிக்கையைக் கூட்டும்.

நகைக்கு வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பது இரண்டாவது. வருடக்கணக்கில் வட்டி போகும். முதல் அப்படியே இருக்கும். பல உருப்படிகள் ஒரே அடைவில் இருந்தால், அடுத்தமுறை திருப்பி வைக்கும்போது தனித்தனியாக வைக்கக் கேட்டுப் பாருங்கள். அப்போது ஒரு மோதிரத்தையாவது முதலில் மீட்கலாம். சில வேளை ஒன்றை விற்று மற்றதை மீட்பதுதான் புத்தியான முடிவு. தாலிக்கொடி போன்ற நகையில் அது மனதுக்குக் கடினம். ஆனால் ஏலத்தில் எல்லாம் போவதைவிட அது மேல்.

வெளிநாட்டிலிருந்து சகோதரமோ பிள்ளையோ அனுப்பும் காசு மூன்றாவது. அது எல்லாக் கடனுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்தால் அனுப்பியவருக்கும் பலன் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. ஒரு கணக்கை முழுதாக மூடி, மூடிய கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினால் இருபக்கமும் நம்பிக்கை வரும்.

சிக்கனத்தால் முடியாதபோது

வருமானம் முழுவதையும் சாப்பாட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மருந்துக்கும் செலவழித்தபின் தவணைக்குக் காசு இல்லையென்றால், அந்த வீட்டுக்குச் சிக்கனம் தீர்வாகாது. அங்கே மேலும் குறைக்கச் சொல்வது அநியாயம். கடன் நிபந்தனைகள்தான் மாறவேண்டும்.

தவணை தவறுவதற்கு முன்னரே கடன் கொடுத்த கிளைக்குப் போய், கடனை மீளட்டவணைப்படுத்தக் கேட்கலாம். வாய்ப்பேச்சோடு விடாமல், எழுத்தில் கொடுத்து ஒரு பிரதியை வைத்திருக்க வேண்டும். வங்கிகள், அனுமதிபெற்ற நிதி நிறுவனங்கள் வாடிக்கையாளரை நடத்தும் முறை பற்றி மத்திய வங்கி 2023இல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. அவை பற்றிய முறைப்பாடுகளை மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் தெரிவிக்கலாம். நுண்கடன் நிறுவனமாக இருந்தால், அது 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றதா என்று கேட்டறியுங்கள். வீடு அல்லது காணியை ஈடுவைத்துப் பட்ட கடனில் சிக்கியவர்களுக்கு, 1941ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் உருவான கடன் இணக்கச் சபை இருக்கிறது. காணி கைமாறுவதற்கு முன்னர் அதை அணுக வேண்டும். ஒரு சட்டத்தரணியிடம் ஆலோசனை கேட்பது நல்லது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வாங்கிய கடனைக் கட்ட இயலாமற் போவது மட்டும் சிறைக்கு அனுப்பும் குற்றமல்ல; அது குடியியல் விவகாரம். காசோலை கொடுத்து அது திரும்பினால் நிலைமை வேறு. வீட்டு வாசலில் நின்று "பொலிசில் பிடித்துக் கொடுப்பேன்" என்று மிரட்டும் சேகரிப்பாளருக்குப் பயந்து மீற்றர் வட்டிக்கு ஓடுபவர்கள் இதை அறிந்திருந்தால், ஒரு கடனாவது குறைந்திருக்கும். கடன் நெருக்கத்தால் ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால், அதைக் கோபப்பேச்சு என்று தள்ளாமல் அவரோடு கூட இருங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுக்கலாம்.

இந்த மாதமே தொடங்க நினைப்பவர்கள் மூன்று வேலை செய்தால் போதும். எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுதுங்கள். முதலில் மூடப்போகும் ஒன்றைச் சுற்றி வட்டமிடுங்கள். காசு கைக்கு வந்த அன்றே அதற்கான பங்கை வேறாக்குங்கள். அந்தக் கடன் மூடியதும், அடுத்ததற்கு வட்டம் போடுங்கள்.